விரல் படுவதற்குள் விழித்துக்கொள்ள வேண்டும்: கைபேசியின் மின்கலக் கணக்கு

மாலை நேரப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் தன் கைபேசியைப் பார்க்கிறார். சார்ஜ் 18 சதவீதம் என்று காட்டுகிறது. உடனே திறந்திருக்கும் செயலிகளின் வரிசையை வரவழைத்து, ஒவ்வொன்றாக மேலே தள்ளி மூடுகிறார். வாட்ஸ்அப், யூடியூப், வங்கிச் செயலி, ரயில் டிக்கெட் செயலி எல்லாம் போயின. வீடு போய்ச் சேரும்வரை தாங்கும் என்ற நிம்மதியோடு பைக்குள் வைக்கிறார். மூன்று நிமிடத்தில் வாட்ஸ்அப் ஒலிக்க, மறுபடி எடுத்துத் திறக்கிறார். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை எழுப்பித் தெருவுக்கு அனுப்பிவிட்டு, பிறகு ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து அழைத்துவருவதைப் போன்ற வேலை இது.

நினைவகத்தில் சும்மா கிடக்கும் செயலி ஏறக்குறைய எதையும் செலவழிப்பதில்லை. நினைவகச் சிப்புக்குத் தன்னிடம் உள்ளதை மறக்காமலிருக்க இடைவிடாமல் சிறிதளவு மின்சாரம் தேவைப்படுகிறது. அதில் எட்டுச் செயலிகள் இருந்தாலும் ஒன்றிரண்டே இருந்தாலும் அந்தத் தேவை பெரிதாக மாறுவதில்லை. பின்னணிக்குப் போன செயலியை அண்மை ஆண்டுகளின் ஆண்ட்ராய்டு பதிப்புகள் அப்படியே உறையவைத்துவிடுகின்றன. மூடிவிட்டுத் திறந்தாலோ, நிரலைச் சேமிப்பகத்திலிருந்து படித்து, நினைவகத்தில் அடுக்கி, திரையைப் புதிதாக வரைந்து, வலையிணைப்பையும் முதலிலிருந்து ஏற்படுத்த வேண்டும். அந்த ஓரிரு வினாடிகளில் ப்ராசஸர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. வழிகாட்டிக்கொண்டிருக்கும் வரைபடம், ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு, கோளாறாகிப் பின்னணியில் ஓயாமல் சுற்றும் செயலி ஆகியவற்றை மூடினால் லாபம் உண்டு. மற்றவற்றை மூடுவதில் மின்சாரமும் மிச்சமாவதில்லை, வேகமும் போய்விடுகிறது.

மின்கலம் நீடிக்க வேண்டுமானால் கைபேசி மெதுவாக இருக்க வேண்டும், வேகமாக இருக்க வேண்டுமானால் மின்கலம் கரையும் என்று தராசின் இரு தட்டுகளாக இதை நினைப்பது வழக்கம். அந்தத் தராசு இருக்கிறது என்பது உண்மைதான்; ஆனால் கைபேசியின் உள்ளே நடக்கும் போராட்டத்தில் அது சிறு பகுதி. விழித்திருக்கும் நேரத்தில்தான் மின்சாரம் செலவாகிறது. விழித்தெழும் தருணத்தில்தான் தாமதம் உணரப்படுகிறது. எனவே பொறியாளர்கள் உண்மையில் கட்டுவது ஓர் ஊக இயந்திரத்தை: இந்த மனிதர் அடுத்து என்ன செய்யப் போகிறார், எப்போது செய்யப் போகிறார் என்பதை முன்கூட்டியே கணிக்கும் இயந்திரம். கணிப்பு தவறும்போது அதற்கான விலையை மின்கலம் கொடுக்கிறதா, பயனரின் பொறுமை கொடுக்கிறதா என்பதை வேறு யாரோ எங்கோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள்.

முதலில் கையிருப்பு எவ்வளவு என்று பார்ப்போம். 5000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட மின்கலத்தில், 3.85 வோல்ட் என்ற கணக்கில், ஏறக்குறைய 19 வாட் மணி ஆற்றல் இருக்கிறது. வீட்டுக் கூடத்தில் எரியும் ஒரு 9 வாட் எல்இடி பல்பை இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எரிக்க அது போதும். இதை வைத்து ஒரு முழு நாளை ஓட்ட வேண்டுமென்றால் சராசரிச் செலவு 0.8 வாட்டைத் தாண்டக் கூடாது. திரையும் ப்ராசஸரும் செல்கோபுரத்தோடு பேசும் அலைபரப்பியும் ஒருசேர முழுமூச்சாக இயங்கினால் அதைப் போலப் பல மடங்கு ஆகும் என்பதால், நாளின் பெரும்பகுதியைக் கைபேசி உறங்கியே கழித்தாக வேண்டும்.

உறங்காத நேரத்தில் எவ்வளவு வேகமாக ஓடுவது என்ற கேள்விக்கு இயற்பியல் தரும் விடை சற்று விசித்திரமானது. ஒரு டிரான்சிஸ்டர் ஒருமுறை நிலை மாறுவதற்குச் செலவாகும் ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ப்ராசஸரின் வேகத்தைப் பாதியாக்கினால் வினாடிக்கான செலவு பாதியாகும், ஆனால் வேலை முடிய இருமடங்கு நேரம் ஆகும். ஆக மொத்தச் செலவில் மாற்றமில்லை. மெதுவாக ஓடும் சிப் குறைந்த மின்னழுத்தத்திலும் தடுமாறாமல் ஓடும் என்பதிலிருந்துதான் மிச்சம் வருகிறது: 1 வோல்ட்டை 0.7 வோல்ட்டாக இறக்க முடிந்தால், அதே வேலை ஏறக்குறைய பாதி ஆற்றலில் முடிந்துவிடும். இதை மட்டும் பார்த்தால் எப்போதும் மெதுவாக ஓடுவதே நல்லது என்று தோன்றும். ஆனால் ப்ராசஸர் விழித்திருக்கும்வரை நினைவகமும் இணைப்புத் தடங்களும் விழித்திருக்கின்றன; எதுவும் செய்யாத டிரான்சிஸ்டர்களிலிருந்தும் மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கிறது. எனவே ஓர் எல்லைக்குக் கீழே மெதுவாவதும் வீண்தான். வேலையைச் சட்டென்று முடித்துவிட்டுப் படுத்துவிடுவது மேல்.

படுப்பதிலும் ஊகம் உண்டு. சிவப்பு விளக்கில் நிற்கும் ஆட்டோக்காரர் இன்ஜினை அணைப்பதா வேண்டாமா என்று யோசிப்பதைப் போல, ப்ராசஸரும் யோசிக்கிறது. ஆழ்ந்து உறங்கினால் மிச்சம் அதிகம், ஆனால் விழிக்க நேரமும் ஆற்றலும் கூடுதலாக ஆகும். அரைத்தூக்கம் போட்டால் சட்டென்று எழலாம், ஆனால் கசிவு தொடரும். ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸ் கெர்னலில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அடுத்து ஒலிக்க வேண்டிய கடிகாரக் குறிப்பு எப்போது, இதற்கு முன் இப்படிப்பட்ட ஓய்வுகள் எவ்வளவு நேரம் நீடித்தன என்பவற்றைப் பார்த்து, இம்முறை ஓய்வு எத்தனை மைக்ரோவினாடி நீடிக்கும் என்று அது கணித்து, உறக்கத்தின் ஆழத்தைத் தேர்ந்தெடுக்கிறது. ஒரு வினாடியில் பலநூறு தடவை இந்த முடிவு எடுக்கப்படுகிறது.

விரலின் விஷயத்துக்கு வருவோம். லினக்ஸ் கெர்னலில் 2004இல் சேர்ந்த ஆன்டிமாண்ட் என்னும் வேகக் கட்டுப்பாட்டு முறை, ப்ராசஸர் எவ்வளவு நேரம் வேலையாக இருந்தது என்று அவ்வப்போது பார்த்து, சுமை ஏறியிருந்தால் வேகத்தை உயர்த்தும். மடிக்கணினிக்கு அது நன்றாகவே பொருந்தியது. கைபேசியில் அது தடுமாறியது. ஏனென்றால் கையால் திரையைத் தள்ளும்போது, சுமை ஏறிவிட்டது என்று கண்டுபிடிப்பதற்குள் சில படச்சட்டங்கள் ஏற்கெனவே தவறிப்போயிருக்கும். வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு படச்சட்டத்துக்குக் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லிவினாடி, 120 முறை புதுப்பிக்கும் திரையில் 8.3 மில்லிவினாடி மட்டுமே. அதற்குள் வரைந்து முடிக்காவிட்டால் பழைய படமே இன்னொரு முறை காட்டப்படும். நாம் ‘திக்குது’, ‘ஹாங் ஆகுது’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

2012இல் வந்த ஆண்ட்ராய்டு 4.1 பதிப்பு இதற்கு ஒரு குறுக்குவழி கண்டது. சுமையை அளந்துகொண்டிருக்காமல், ஓய்வுக்குப் பின் திரையில் விரல் பட்ட உடனேயே ப்ராசஸரின் வேகத்தை உயர்த்திவிடுவது. விரல் பட்டால் வேலை வரும் என்பது ஊகம். பெரும்பாலும் சரியான ஊகம். அதே பதிப்பு, திரை அடுத்துப் புதுப்பிக்கப்படும் நொடியில் விரல் எங்கே இருக்கும் என்றும் கணித்து, விரல் இன்னும் போய்ச் சேராத இடத்துக்கேற்பப் படத்தை நகர்த்தியது. நம் கையை நமக்கு முன்னால் கைபேசி அறிந்துவைத்திருந்தது என்று சொல்லலாம்.

இந்த ஊகம் எவ்வளவு நுணுக்கமானது என்பதைக் காட்ட ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லினக்ஸ் கெர்னல் ஒவ்வொரு பணியின் சுமையையும் 32 மில்லிவினாடி அரையாயுள் கொண்ட சராசரியாகக் கணக்கிடுகிறது; அதாவது 32 மில்லிவினாடிக்கு முன் நடந்ததற்கு இப்போது நடப்பதைவிடப் பாதி மதிப்பு. சும்மா இருந்த ஒரு பணி திடீரென்று இடைவிடாமல் ஓடத் தொடங்கினால், 32 மில்லிவினாடியில் அதன் கணக்கு 50 சதவீதத்தை எட்டும், 64இல் 75 சதவீதத்தை, 96இல் 87.5 சதவீதத்தை. 2016இல் கெர்னலில் சேர்ந்த ஷெட்யூட்டில் என்னும் வேகக் கட்டுப்பாட்டு முறை இந்தக் கணக்கின்மீது கால் பங்கு கூட்டி வேகத்தை நிர்ணயிப்பதால், 80 சதவீதத்தை எட்டினால் உச்ச வேகம் கிடைக்கும். அதற்கு ஏறக்குறைய 74 மில்லிவினாடி ஆகும். குறைந்த வேகத்தில் ஓடும்போது கணக்கு ஏறுவதும் மெதுவாகும் என்பதால் நடைமுறையில் இன்னும் கூடுதல். 120 முறை புதுப்பிக்கும் திரையில் 74 மில்லிவினாடி என்பது கிட்டத்தட்ட ஒன்பது படச்சட்டங்கள். அரையாயுளைக் குறைத்தால் உடனே சுறுசுறுப்பு வரும், ஆனால் ஒவ்வொரு சிறு தும்மலுக்கும் ப்ராசஸர் துள்ளி எழும். ‘இது திரையை வரையும் பணி, இதற்குக் குறைந்தது இவ்வளவு வேகம் தேவை’ என்று இயங்குதளமே கெர்னலுக்குச் சொல்லும் வழி 2019இல் சேர்க்கப்பட்டது இதனால்தான். எல்லாவற்றையும் அளந்து கண்டுபிடிக்க முடியாது, சிலவற்றைச் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கெர்னல்காரர்கள் ஒப்புக்கொண்ட இடமாக எனக்கு அது படுகிறது.

ப்ராசஸருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகளான கோர்களில் பெரியவற்றையும் சிறியவற்றையும் ஒரே சிப்பில் கலந்துவைப்பது இதே எண்ணத்தின் வன்பொருள் வடிவம். ஏஆர்எம் நிறுவனம் 2011இல் அதை அறிவித்தது. 2013இல் வந்த கேலக்சி எஸ்4இன் ஒரு வகையில் நான்கு பெரிய, நான்கு சிறிய கோர்கள் இருந்தன, ஆனால் ஒரு நேரத்தில் ஒரு கூட்டம் மட்டுமே இயங்க முடிந்தது. ஆப்பிள் 2016இல் ஐஃபோன் 7 மூலம் இந்த வழிக்கு வந்தது. எந்தப் பணியை எந்தக் கோரில் ஓட்டினால் ஆற்றல் குறையும் என்று கணக்கிட்டு ஒதுக்கும் முறை லினக்ஸின் பொதுக் கெர்னலில் 2019இல்தான் சேர்ந்தது. இரும்பு அறிவிக்கப்பட்டு எட்டாண்டு கழித்தே அதற்கேற்ற அறிவு வந்தது. திரையிலும் இதே கதைதான்: 2021இன் ஐஃபோன் 13 ப்ரோ போன்றவை, அசையாத படத்தைக் காட்டும்போது வினாடிக்கு 10 முறைக்கு இறங்கி, விரல் ஓடும்போது 120க்கு ஏறுகின்றன.

இதுவரை பார்த்தவை மில்லிவினாடிகளில் நடக்கும் ஊகங்கள். தவறினால் ஒரு திக்கலோடு போய்விடும். மணிக்கணக்கில் செய்யப்படும் ஊகங்கள்தான் மனிதர்களைப் படுத்துகின்றன. அவை அலைபரப்பியிலிருந்து தொடங்குகின்றன. 3ஜி காலத்தில் ஒரு செயலி சில பைட்டுகளை அனுப்பினாலும், அனுப்பி முடித்த பின் அலைபரப்பி சுமார் 5 வினாடி முழு ஆற்றலிலும், மேலும் சுமார் 12 வினாடி குறைந்த ஆற்றலிலும் விழித்திருந்த பிறகே படுக்கும் என்று ஆண்ட்ராய்டின் உருவாக்குநர் வழிகாட்டி விளக்குகிறது. இது வீண்செலவு போலத் தோன்றும். ஆனால் படுத்த அலைபரப்பியை எழுப்பி முழு நிலைக்குக் கொண்டுவர 2 வினாடிக்கு மேல் ஆகும் என்பதால், பயனர் அடுத்த இணைப்பைத் தொடக்கூடும் என்று அது காத்திருக்கிறது. நிமிடத்துக்கு மூன்று தடவை ‘புதிதாக ஏதாவது உண்டா’ என்று கேட்கும் ஒரு செயலி இருந்தால் போதும், அலைபரப்பி நாள் முழுவதும் கண்ணயராது. 4ஜியில் விழிக்கும் நேரம் குறைந்தது. காத்திருக்கும் வழக்கம் போகவில்லை.

செயலிகள் தனித்தனியே கேட்பதை விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே இணைப்பு வழியே செய்தி வந்து எழுப்பட்டும் என்பது இதற்குக் கிடைத்த நல்ல தீர்வு. ஆப்பிள் 2009இலும் கூகுள் 2010இலும் அதைத் தந்தன. ஆண்ட்ராய்டு 5.0 பதிப்பு 2014இல் அவசரமில்லாத வேலைகளைச் சேர்த்துவைத்து ஒன்றாகச் செய்யும் முறையைக் கொண்டுவந்தது. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0, திரை அணைந்து, சார்ஜரில் இல்லாமல், மேசைமேல் அசையாமல் கிடக்கும் கைபேசியை டோஸ் என்னும் ஆழ்ந்த உறக்கத்தில் ஆழ்த்தி, சிறு இடைவெளிகளில் மட்டும் எல்லாச் செயலிகளுக்கும் சேர்த்து வாசலைத் திறந்துவிட்டது. நேரம் ஆக ஆக அந்த இடைவெளிகள் அரிதாகும். 2018இன் ஆண்ட்ராய்டு 9 இன்னும் ஒரு படி போய், பயனர் எந்தச் செயலியை எவ்வளவு அடிக்கடி திறக்கிறார் என்பதைக் கற்று, செயலிகளைத் தரம் பிரித்தது. அரிதாகத் திறக்கப்படுவதன் பின்னணி வேலைகள் மணிக்கணக்கில் தள்ளிப்போடப்படும்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஓர் உறுத்தல். அடிக்கடி பயன்படுவதே முக்கியமானது என்பது விளையாட்டுக்கும் வீடியோவுக்கும் பொருந்தும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் ஒலிக்க வேண்டிய ரத்ததானச் செயலியையோ வெள்ள எச்சரிக்கையையோ யாரும் தினமும் திறந்து பார்ப்பதில்லை. அப்படிப்பட்டவை அவசரச் செய்தியாகத் தங்களை அறிவித்துக்கொண்டு உள்ளே வர கூகுள் வழி வைத்திருக்கிறது என்பது சரிதான். ஆனால் அந்த வழியைச் சில கைபேசித் தயாரிப்பாளர்கள் தங்கள் பங்குக்கு அடைத்துவைக்கிறார்கள். சீனத்தில் கூகுளின் சேவைகள் இயங்காததால் பொதுவான எழுப்பும் இணைப்பு அங்கே இல்லாமல் போய், ஒவ்வொரு செயலியும் தனக்கென்று ஓர் இணைப்பைத் திறந்துவைத்து, ஒன்றையொன்று எழுப்பிவிட்டுக்கொண்டிருந்தது. அதை அடக்க அங்குள்ள தயாரிப்பாளர்கள் பின்னணிச் செயலிகளை ஈவிரக்கமின்றி நிறுத்தும் ஏற்பாடுகளைச் செய்தார்கள். அந்நாட்டுச் சந்தைக்கு அது நியாயமான மருந்து. அதே மென்பொருள் வேறு நாடுகளுக்கும் போனபோது, நோய் இல்லாத இடத்திலும் மருந்து போய்ச் சேர்ந்தது.

எங்கள் வீட்டில் அம்மா இரவு 9 மணி மாத்திரைக்கு ஒரு நினைவூட்டல் செயலியை வைத்திருந்தார். புதுக் கைபேசி வாங்கி ஒரு வாரம் ஒழுங்காக ஒலித்தது; எட்டாம் நாளிலிருந்து மௌனம். செயலியில் ஒரு கோளாறும் இல்லை. அம்மா அதைத் திறந்து பார்ப்பதே இல்லை என்பதால் அது தேவையற்றது என்று கைபேசி முடிவுகட்டி நிறுத்தியிருந்தது. அமைப்புகளில் பேட்டரி என்ற பகுதிக்குள் நான்கு அடுக்கு இறங்கினால் அந்தச் செயலிக்கு மட்டும் விலக்கு அளிக்கும் பொத்தான் கிடைத்தது. அதை அம்மாவால் ஒருபோதும் கண்டுபிடித்திருக்க முடியாது. கைபேசியோடு வந்த கடிகாரச் செயலியில் வைக்கப்படும் அலாரத்துக்கு ஆண்ட்ராய்டில் தனி மரியாதை உண்டு: அது ஒலிப்பதற்குச் சற்று முன்பே கைபேசி ஆழ்ந்த உறக்கத்திலிருந்து வெளியே வந்துவிடும். மாத்திரை நேரத்தை இப்போது அதில்தான் வைத்திருக்கிறோம். மின்கலம் குறைவாகத் தாங்குவதாக அம்மா இதுவரை சொல்லவில்லை.

பயனருக்குத் தெரியாமல் எடுக்கப்படும் முடிவின் விலை என்ன என்பதை உலகம் பார்த்தது ஆப்பிளின் விவகாரத்தில். லித்தியம் மின்கலம் மூப்படையும்போது கொள்ளளவு மட்டும் குறைவதில்லை. அதன் உள்மின்தடை ஏறுகிறது. எடுத்துக்காட்டாக, 0.1 ஓம் உள்மின்தடை உள்ள மின்கலத்திலிருந்து 3 ஆம்பியர் இழுத்தால் 0.3 வோல்ட் விழும்; அது தாங்கக்கூடியது. அந்தத் தடை 0.3 ஓம் ஆகிவிட்டால் அதே இழுப்பில் 0.9 வோல்ட் விழுந்து, 3.7 வோல்ட் 2.8 ஆகிவிடும், கருவி அணைந்துபோகும், திரையில் 30 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்தாலும் கூட. குளிரில் இது இன்னும் மோசம். ஐஃபோன் 6, 6எஸ் கருவிகள் இப்படித் திடீரென்று அணைந்தன. 2017 ஜனவரியில் வந்த, ஐஃபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் 10.2.1 பதிப்பு, மூத்த மின்கலம் உள்ள கருவிகளில் ப்ராசஸரின் உச்ச வேகத்துக்கு வரம்பு வைத்து அந்த இழுப்பைக் குறைத்தது. அடுத்த மாதமே, திடீர் அணைவுகள் 6எஸ்-இல் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டதாக ஆப்பிள் கூறியது. எப்படிக் குறைந்தது என்பதைக் கூறவில்லை.

அந்த ஆண்டு டிசம்பரில், கீக்பெஞ்ச் வேகச் சோதனையின் நிறுவனர் ஜான் பூல் ஆயிரக்கணக்கான சோதனை முடிவுகளை வரைபடமாக்கி வெளியிட்டார். ஒரே மாதிரிக் கருவியின் மதிப்பெண்கள் ஓரிடத்தில் குவிய வேண்டும். புதிய பதிப்புகளிலோ குறைந்த மதிப்பெண்களில் வேறு பல குவியல்கள் முளைத்திருந்தன. இரண்டு நாளில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது, மாத இறுதியில் மன்னிப்புக் கேட்டது, மின்கலம் மாற்றும் கட்டணத்தை அமெரிக்காவில் 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. பொறியியல் நோக்கில் அந்த முடிவில் நான் பெரிய தவறு காணவில்லை. நடுவழியில் அணைந்துபோகும் கைபேசியைவிட மெதுவான கைபேசி மேலானதே. ஆனால் 29 டாலர் மின்கலத்தால் தீரக்கூடிய மந்தத்தைப் பார்த்து, கைபேசிக்கே வயதாகிவிட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்கியவர்கள் இருந்தார்கள். பிரான்சின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு 2020இல் விதித்த 2.5 கோடி யூரோ அபராதமும், வேகத்தைக் குறைத்ததற்காக அன்றி, குறையக்கூடும் என்பதைத் தெரிவிக்காததற்காகவே விதிக்கப்பட்டது. 2018 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 11.3 மின்கலத்தின் நலத்தைச் சதவீதத்தில் காட்டியது. வேக வரம்பை நீக்கும் வசதியையும் தந்தது.

இப்போது ஐரோப்பிய ஒன்றியம் மின்கலத்தின் பக்கத்தைச் சட்டமாக்கியிருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்கப்படும் கைபேசியின் மின்கலம் 800 சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகும் தொடக்கக் கொள்ளளவில் 80 சதவீதத்தையாவது தக்கவைக்க வேண்டும். பெட்டியோடு வரும் ஆற்றல் முத்திரையில் ஒரு சார்ஜுக்கு எத்தனை மணி நேரம் ஓடும், கீழே விழுந்தால் எவ்வளவு தாங்கும், பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்பதெல்லாம் அச்சிடப்பட்டிருக்கும். தொட்டால் எவ்வளவு விரைவில் எழும், வர வேண்டிய அறிவிப்பு எவ்வளவு தாமதமாகும் என்பதற்கு அந்த முத்திரையில் இடமில்லை. அளக்கப்படும் எண்ணுக்காகத் தயாரிப்பாளர்கள் எதையெல்லாம் செய்வார்கள் என்பதற்கு 2013இன் கேலக்சி எஸ்4 சாட்சி: அதன் ஒரு வகையில் வரைகலைச் சிப் சில சோதனைச் செயலிகளுக்கு 533 மெகாஹெர்ட்ஸில் ஓடியது, விளையாட்டுகளில் 480ஐத் தாண்டவில்லை. அன்று பெட்டியில் இல்லாத வேகம் மதிப்பெண் பட்டியலில் ஏறியது. இன்று பெட்டிமேல் மணி நேரம் அச்சாகிறது. அதைக் கூட்டிக்காட்ட எந்தச் செயலியை எவ்வளவு சீக்கிரம் உறங்கவைத்தார்கள் என்பது இன்னும் அமைப்புகளுக்குள் நான்கு அடுக்கு கீழேதான் இருக்கிறது.